தேறல் கொடுத்த மலை, டோலி தூக்கிய மலை

சமீப வருஷங்களில் நம்ம ஆட்கள் நிறைய பேர் ஜார்ஜியா போய்ட்டு வர்றாங்க. (அட்லாண்டா இருக்கிற அமெரிக்க ஜார்ஜியா இல்லை. காகசஸ் மலையை ஒட்டி, ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் நடுவில் இருக்கிற குட்டி நாடு.) பிள்ளைகள் டிபிலிசியில் டாக்டருக்குப் படிக்கிறார்கள், அப்பா அம்மா பார்க்கப் போகிறார்கள், அப்படியே நாலு இடம் சுற்றிவிட்டு வருகிறார்கள். திரும்பி வந்து எல்லாரும் சொல்வது இரண்டே விஷயம். மலையில் நடந்தது, வீட்டில் செய்த ஒயின் குடித்தது. கடைசியில் ஒரு பெருமூச்சு வேறு: "நமக்கும்தான் கொடைக்கானல் இருக்கு. என்ன பிரயோஜனம்? இந்த மாதிரி ஒரு பாரம்பரியம் உண்டா?"

உண்டுங்க. பாட்டாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அது எப்படிப் போச்சு என்பதுதான் கேள்வி. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும் :-)

முதலில் ஜார்ஜியா கதை

அங்கே ஒயின் செய்யும் பானைக்கு க்வெவ்ரி என்று பெயர். முட்டை வடிவத்தில் பெரிய மண்பானை. கழுத்துவரைக்கும் மண்ணுக்குள் புதைத்துவிடுவார்கள். உள்பக்கம் தேன்மெழுகு பூசியிருக்கும். திராட்சையை மரத்தொட்டியில் போட்டு மிதித்து, சாறு, தோல், கொட்டை, சில ஊர்களில் காம்பு உட்பட எல்லாவற்றையும் பானையில் கொட்டுவார்கள். நுரைத்து அடங்கியதும் வாயை மூடி, ஐந்தாறு மாதம் அப்படியே விட்டுவிடுவார்கள். மண்ணுக்கடியில் சூடும் குளிரும் அதிகம் மாறாது என்பதால் புளித்தல் நிதானமாக நடக்கும். இந்த முறையை யுனெஸ்கோ 2013ல் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2017ல் வெளியான ஆய்வில் அங்கே கிடைத்த பானை ஓடுகளைச் சோதித்து, கி.மு. 6000 வாக்கிலேயே திராட்சை ஒயின் இருந்திருக்கிறது என்று சொன்னார்கள். அதாவது 8000 வருஷம்.

எனக்கு இதில் பழமையைவிட வேறொன்று முக்கியமாகப் பட்டது. க்வெவ்ரி புதைந்திருக்கும் அறைக்கு மரானி என்று பெயர். அது குடியானவன் வீட்டோடு சேர்ந்த அறை. சோவியத் காலத்தில் அரசாங்க ஃபாக்டரிகள் ஒரே மாதிரி ஒயினை லட்சக்கணக்கில் செய்து தள்ளின. 1985ல் கோர்பச்சேவ் மதுவுக்கு எதிராகக் கிளம்பியபோது திராட்சைத் தோட்டங்களையே வெட்டிச் சாய்த்தார்கள். 2006ல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினை இறக்குமதி செய்யத் தடை போட்டது. இத்தனைக்கும் நடுவில் வீட்டு மரானியில் பானை கிடந்தது. குடும்பத்துக்கும் விருந்தாளிக்கும் என்று செய்துகொண்டே இருந்தார்கள். ஸ்வானேதி மலைப்பகுதியில் மெஸ்தியாவிலிருந்து உஷ்குலி வரை நாலு நாள் நடக்கிறார்களே, அவர்களும் ராத்திரி தங்குவது பெரும்பாலும் கிராமத்து வீடுகளில்தான். ஆக, நடக்கிறவனுக்கு வழியில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்காரன் சொந்தக்காலில் நிற்கிறான். ஜார்ஜியாவின் ரகசியம் இதுதான் என்பது என் கட்சி.

இதை மனசில் வைத்துக்கொண்டு நம் மலைக்கு வருவோம்.

ஆற்றுப்படை என்றால் வழிகாட்டி

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. பரிசு வாங்கி வந்தவன், வாங்கப் போகிறவனுக்கு வழி சொல்வது. ஸ்கூலில் இதைப் புலவர் பிழைப்பு என்று சொல்லிக்கொடுத்து முடித்துவிட்டார்கள். மலைபடுகடாத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடி. செங்கத்து நன்னனைப் பார்க்கப் போகிற கூத்தர் கூட்டத்துக்கு மலைப்பாதையை அடி அடியாகச் சொல்கிறார். இன்றைக்கு ட்ரெக்கிங் போகிறவர்களுக்குக் கொடுக்கிற அறிவுரை அத்தனையும் அதில் இருக்கிறது.

காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், விடிந்த பிறகு போங்கள். பாம்பு இருக்கிற பள்ளம் உண்டு, பார்த்துப் போங்கள். தினைப்புனம் காக்கிறவன் யானையை விரட்டக் கவண்கல் எறிவான், மரத்துக்குப் பின்னால் ஒதுங்குங்கள். பாறை வழுக்கும், பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள், கால் தவறும். இருட்டிவிட்டால் குகையில் தங்கிவிடுங்கள். (செல்ஃபி எடுக்காதே என்று மட்டும்தான் சொல்லவில்லை.)

அதே பாட்டில் சாப்பாடும் வருகிறது. மலைச் சிற்றூருக்குப் போனால் நம் வீட்டுக்குள் போவது மாதிரி உரிமையோடு போகலாமாம். இறைச்சி உண்டு, தினை உண்டு, மூங்கிலரிசிச் சோறு உண்டு. மூங்கில் குழாயில் ஊற்றி முதிர வைத்த தேன் தேறலும் உண்டு. மறுநாள் காலை அந்த மயக்கம் தெளிவதற்கு என்ன சாப்பிடலாம் என்பதுவரை புலவர் கவலைப்படுகிறார்!

செய்முறையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தேன் தானாகப் புளிக்காது. அதில் நீர் குறைவு. தண்ணீர் கலந்தால் இயற்கையாக இருக்கிற ஈஸ்ட் வேலையைத் தொடங்கும். மூங்கிலின் இரண்டு கணுக்களுக்கு நடுவில் இருக்கிற கூடு, செலவில்லாமல் கிடைக்கும் பாத்திரம். ஜார்ஜியாக்காரன் தேன்மெழுகைப் பானைக்குப் பூசினான், நம்மாள் தேனையே பானமாக்கினான். தேனீ இரண்டு பேருக்கும் பொது.

மண்ணில் புதைப்பதும் நமக்குப் புதிதல்ல. புறநானூறு 120ஆம் பாட்டில் கபிலர், பாரியின் பறம்பு நாட்டில் நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறலைக் குடிசைதோறும் கொடுத்ததைச் சொல்கிறார். குடிசைதோறும் என்பதைக் கவனியுங்கள். அரண்மனை விஷயம் இல்லை இது. மரானி மாதிரி வீட்டு விஷயம். பறம்பு என்பது திண்டுக்கல்லுக்குக் கிழக்கே இருக்கிற பிரான்மலை.

"செங்கம் திருவண்ணாமலைப் பக்கம், பறம்பு சிவகங்கைப் பக்கம், கொடைக்கானல் எங்கேப்பா?" என்று கேட்பீர்கள். வருகிறேன். திருமுருகாற்றுப்படையின் மூன்றாவது தலம் திருவாவினன்குடி, அதாவது பழனி அடிவாரம். அதே பாட்டில் குன்றுதோறாடல் பகுதியில் குறவர்கள் மூங்கிலில் விளைந்த தேன் தேறலைச் சுற்றத்தோடு குடித்துக் குரவை ஆடுகிறார்கள். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் இந்த மலைக்காரன். கோடைமலைக்குத் தலைவன் கடிய நெடுவேட்டுவன். அந்தக் கோடைமலை இன்றைய கொடைக்கானல் மலைதான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அவனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடிய புறநானூற்று 205ஆம் பாட்டு எனக்கு ரொம்பப் பிடித்தது. பரிசு தர அவன் காலம் தாழ்த்த, புலவருக்குக் கோபம் வந்துவிடுகிறது. மூவேந்தர்களே கொடுத்தாலும் சரி, அன்பில்லாமல் கொடுத்தால் எங்களுக்கு வேண்டாம் என்கிறார். விருந்தோம்பலுக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடையாது. மலையேறி வருகிறவன் பிச்சைக்காரன் இல்லை, கொடுக்கிறவன் வேலைக்காரனும் இல்லை. இரண்டு பேருக்கும் மரியாதை உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. மலையில் இருந்த எல்லாரும் குடித்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பழனி மலைப்பக்கம் தேன் எடுப்பதில் கெட்டிக்காரர்கள் பளியர்கள். 1960களில் அவர்களோடு தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், சண்டை வரும் என்பதால் அவர்கள் மதுவைத் தவிர்க்கிறவர்கள் என்று எழுதியிருக்கிறார். மலை என்றால் ஒரே மாதிரி மனிதர்கள் இல்லை. பளியர், புலையர், குன்னுவர், மன்னாடியார் என்று பலர். தாண்டிக்குடிப் பக்கம் இருக்கும் கற்திட்டைகளை வைத்துப் பார்த்தால், வெள்ளைக்காரன் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள். செண்பகனூர் சேசு சபைப் பாதிரியார் ஆங்லாடும் நியூட்டனும் அந்தக் கற்திட்டைகளைத் தேடி நடந்து எழுதிய நூல் 1928ல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது.

டோலி காலம்

1821ல் லெப்டினண்ட் வார்டு சர்வே செய்ய மலையேறினார். 1845ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் இரண்டு பங்களா கட்டினார்கள். கீழே காலராவும் காய்ச்சலும் அவர்கள் குடும்பங்களை வாரிக்கொண்டு போன காலம். மலை அவர்களுக்கு உயிர் பிழைக்கும் இடம். 1863ல் லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். 1872ல் லெப்டினண்ட் கோக்கர் போட்ட நடைபாதைதான் இன்றைக்கும் நாம் சோளம் கொறித்துக்கொண்டு நடக்கிற கோக்கர்ஸ் வாக்.

சரி, மேலே எப்படிப் போனார்கள்? 1875ல் ரயில் மதுரை வரை வந்தது. அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கி (இன்றைய கொடை ரோடு), ராத்திரி முழுக்க மாட்டு வண்டியில் போய், மலையடிவாரத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஏறக்குறைய 12 மைல் செங்குத்தான பாதை. முடிந்தவர்கள் நடந்தார்கள், சிலர் மட்டக்குதிரையில் போனார்கள். பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும் டோலியில், நாற்காலியில் போனார்கள். அதாவது மனிதத் தோளில். மூட்டை, கட்டில், பியானோ என்று பங்களாவுக்கு வேண்டியதெல்லாம் தலையிலும் தோளிலும்தான் ஏறியது.

அந்தப் பாதைக்கு என்ன பெயர் தெரியுமா? கூலி காட். பிற்பாடு 1914-16 வாக்கில் வத்தலகுண்டு வழியாகப் போட்ட மோட்டார் ரோட்டுக்கு எஞ்சினியர் பெயர் வைத்தார்கள், லாஸ் காட். நடைபாதைக்குக் கோக்கர் பெயர். லட்சம் தடவை ஏறி இறங்கி பாதையைத் தேய்த்தவனுக்கோ ஆள் பெயர்கூட இல்லை. அவன் வாங்கிய சம்பளத்தின் பெயர்தான் பாதைக்கு.

எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. மலைபடுகடாத்தில் மலைக்காரன் வழி சொல்கிறான், வீட்டுக்குக் கூப்பிடுகிறான், தன் சரக்கை ஊற்றிக் கொடுக்கிறான். அவன் வீட்டுக்காரன், வருகிறவன் விருந்தாளி. கூலி காட்டில் அதே பாதை, அதே செங்குத்து. ஆனால் வருகிறவன் எஜமான், வழி தெரிந்தவன் சுமைதூக்கி. மேலே போனதும் விருந்து நடப்பது எஜமான் பங்களாவில். வழி தெரிந்தவனுக்கு அங்கே வேலை பின்வாசலில்.

மூங்கில், தேன், தேறல்

இன்னொரு பக்கமும் பாருங்கள். மூங்கில் தேறலுக்கு வேண்டியது மூன்று. மூங்கில், தேன், புளிக்க வைக்கும் உரிமை. 1882ல் சென்னை வனச் சட்டம் வந்தது. காட்டு மூங்கிலும் தேனும் வனத்துறையின் கணக்குக்குள் போயின. 1886ல் அப்காரி சட்டம் வந்தது. சாராயம் காய்ச்சுவதும் கள் இறக்குவதும் அரசாங்கத்துக்கு வரி கட்டி ஏலம் எடுத்தவனுக்கு மட்டும். வீட்டில் செய்தால் குற்றம். 1937ல் ராஜாஜி மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்தார். அக்டோபர் 1ஆம் தேதி சேலத்தில் தொடங்கி, 1948க்குள் மாகாணம் முழுக்கப் பரவியது. பிறகு 1971ல் கடை திறந்ததும், மூடியதும், மறுபடி திறந்ததும், 2003ல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கைக்குப் போனதும் உங்களுக்குத் தெரிந்த கதை.

மூங்கில் தேறல் இந்தச் சட்டங்களால்தான் செத்தது என்று நான் சொல்ல வரவில்லை. அரிசியும் வெல்லமும் வந்தபிறகு தேனை யார் புளிக்க வைப்பார்கள்? ஆனால் மிச்சம் மீதி எங்காவது இருந்திருந்தாலும், அது தலையெடுக்க வழியில்லாமல் போனது. ஜார்ஜியாவில் ஃபாக்டரியும் தடையும் வந்தபோது வீட்டுப் பானை வீட்டிலேயே இருந்தது. இங்கே முதலில் கைவைத்ததே வீட்டுப் பானையில்தான்.

அதற்காகத் தேறலைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கொடி பிடிக்கிறேனா? இல்லீங்க. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. குடியால் தாலி இழந்த பெண்கள் நிறைந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுத எனக்கு மனசு வராது. நான் தேடுவது சரக்கை அல்ல, அதை ஊற்றிக் கொடுத்த வீட்டுக்காரனை.

திராட்சை வந்தது, ஒயின் வரவில்லை

"நம்ம ஊரிலும் திராட்சை இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. கொடைக்கானல் மலையிலிருந்து தெற்கே இறங்கினால் பெரியகுளம், தேனி. அதைத் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷம் முழுக்க அறுவடை நடக்கும் அபூர்வமான இடம்.

இந்தத் திராட்சையை 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று எல்லாப் பத்திரிகையிலும் எழுதினார்கள். எனக்கு ஒரு இடறல். பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். அதை இங்கிலாந்தில் ஸ்நோ என்கிற தோட்டக்காரர் ஒட்டுச்சேர்த்து உருவாக்கியதே 1850 வாக்கில்தான். பிறக்காத பிள்ளை எப்படிக் கப்பல் ஏறும்? பாதிரியார் கொண்டுவந்தது வேறு ரகமாக இருந்தால் 1832 சரி. இதே ரகம்தான் என்றால் 1832 தப்பு. இரண்டும் சேர்ந்து சரியாக இருக்க முடியாது.

எப்படியோ, திராட்சை வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சாறாகவும் பழமாகவும் போகிறது. வீட்டோடு ஒட்டிய பானம் ஒன்று அதிலிருந்து பிறக்கவில்லை. கொடி மட்டும் இருந்தால் போதாது போல.

நடக்கிறவர்கள் இன்றைக்கு

2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணித் தீயை மறக்க முடியுமா? போடிக்கு மேலே மலையேறப் போன சென்னை, கொங்குப் பக்கத்துப் பிள்ளைகள். காய்ந்த புல், மேலே ஏறுகிற தீ, தப்பிக்கும் திசை தெரியாத கூட்டம். 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். எந்த மாதம் எந்தச் சரிவில் கால் வைக்கக் கூடாது என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும். மலைபடுகடாம் முழுக்க அந்த அறிவுதான். அது வழியில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அன்றைக்குப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு அதே வருஷம் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. உள்ளூர் இளைஞர்களுக்கு, முக்கியமாகப் பழங்குடியினருக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக வைத்திருக்கிறார்கள். வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி போகிற பாதை அதில் ஒன்று. வெள்ளகவி ரொம்பக் காலம் ரோடே இல்லாமல், நடந்து மட்டுமே போகக்கூடிய ஊர். ஊருக்குள் செருப்புப் போடாத பழக்கம் உண்டு. குறை எதுவும் இல்லாத திட்டம் என்று சொல்லவில்லை. ஆனாலும் நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு மலைக்காரன் சுமை தூக்காமல் முன்னால் நடந்து வழி சொல்கிறான். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

அதே 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது தெரியும்தானே? அதில் எண்ணுவது வண்டிகளை. மலைக்குப் போவது என்றாலே கார் என்று ஆகிவிட்டது. ஏரியைச் சுற்றி, தூண்பாறை பார்த்து, சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்குகிறோம். மன்னவனூரிலோ பூம்பாறையிலோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இத்தனைக்கும் நடக்கிறவனுக்கு வீட்டுக்காரன் கொடுக்கிற வழக்கம் இந்த மலையடிவாரத்தில் சாகவே இல்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறார்களே, செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடி, மதுரை, திண்டுக்கல், கொங்குநாட்டுப் பக்கமிருந்தெல்லாம் லட்சக்கணக்கில். வழி நெடுக ஊர்க்காரர்கள் பந்தல் போட்டு நீர்மோர், பானகம், சோறு கொடுக்கிறார்கள். காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள்கூட உண்டு. யாரும் காசு கேட்பதில்லை, வாங்குகிறவரும் கூசுவதில்லை. பெருந்தலைச் சாத்தனார் கேட்ட அன்பு அதுதானே. வெல்லமும் ஏலக்காயும் கலந்த பானகத்தை எவ்வளவு தூரம் நடந்தவன் குடிக்கிறானோ, அவ்வளவு ருசி. ஜார்ஜியா ஒயினெல்லாம் கிட்ட நிற்க முடியாது என்று சொன்னால் அங்கே போய்வந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுகிறேன் :-)

அடிவாரத்தில் இருக்கிற அந்த உறவு மேலே மலையில் இல்லை. அங்கே இன்னும் நாம் விருந்தாளியாகப் போகவில்லை, வாடிக்கையாளராகத்தான் போகிறோம். மாற்றுவது ரொம்பக் கஷ்டமும் இல்லை. அடுத்த தடவை கொடைக்கானல் போனால் ஒரு நாளையாவது நடப்பதற்கு ஒதுக்குங்கள். அனுமதி வாங்கி, உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிராமத்தில் சமைத்துத் தருகிறார்கள் என்றால் ஹோட்டல் பொட்டலத்தை விட்டுவிட்டு அதைச் சாப்பிடுங்கள், நியாயமான காசு கொடுங்கள். மலைத்தேனோ மலைப்பூண்டோ மலைவாழையோ விளைவித்தவர் கையிலிருந்தே வாங்குங்கள். பாட்டிலை மட்டும் மேலே விட்டுவிட்டு வராதீர்கள், புண்ணியமாகப் போகும்.